கேமரா கைப்பட்டை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கேமராக்காரர்களின் வலது கைக்கு ஓய்வே கிடையாது. விடியற்காலை மணப்பெண் அலங்காரத்தில் தொடங்கும் வேலை, இரவு வரவேற்பு முடியும்வரை நீளும். நிக்கான் டி850 பாடி பேட்டரியோடு 1005 கிராம். அதில் 24-70 எஃப்2.8 லென்ஸைப் பூட்டினால் ஏறக்குறைய 2 கிலோ ஆகிவிடும். பிளாஷ் தனி. இத்தனை எடையையும் விரல்களாலேயே பற்றிச் சலித்தவர்கள்தான் பெரும்பாலும் கைப்பட்டையைத் தேடுகிறார்கள். புறங்கையைக் கேமராவின் பிடியோடு சேர்த்து அணைக்கும் பட்டை அது. நல்ல பொருள்தான். ஆனால் அதைப் பற்றிப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகள் கைவலியையும் நஷ்டத்தையும் கொண்டுவருகின்றன.

நம்பிக்கை 1: எவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிறோமோ, கேமரா அவ்வளவு பத்திரம்.

உண்மை: இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். ஆட்காட்டி விரல் ஷட்டர் பட்டனை எட்டாது, கட்டைவிரல் பின்பக்கப் பட்டன்களுக்கு நகராது. தாலி கட்டும் நொடியில் விரல் எட்டவில்லை என்றால் அந்தப் படம் போனது போனதுதான்.

சரியான இறுக்கத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். பட்டைக்குள் கையை நுழைத்து எல்லாப் பட்டன்களையும் தொட்டுப் பாருங்கள். பிறகு இடது கையைக் கேமராவுக்கு அடியில் வைத்துக்கொண்டு வலது கை விரல்களைத் தளர்த்துங்கள். கேமரா சற்றுத் தொங்கலாம், கையிலிருந்து நழுவக் கூடாது. கடைசியாகக் கையை வெளியே இழுங்கள். ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும். மூன்றும் சரியாக அமைந்தால் அதுவே உங்கள் அளவு. வேறொருவரின் கைக்கு வைத்த அளவு உங்களுக்கு ஒத்துவராது.

நம்பிக்கை 2: கைப்பட்டை போட்டால் எடை தெரியாது. பஞ்சு தடிமனாக இருந்தால் வலிக்கவே வலிக்காது.

உண்மை: எந்தப் பட்டையும் கேமராவின் எடையில் ஒரு கிராமைக்கூடக் குறைப்பதில்லை. விரல்கள் ஓயாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியத்தை மட்டுமே அது குறைக்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே விரல்களை விரித்து இளைப்பாற விடலாம், அவ்வளவே. லென்ஸின் எடையைத் தாங்க வேண்டியது இடது கை. அதை லென்ஸுக்கு அடியில் வைக்காமல் ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த பட்டை போட்டாலும் மணிக்கட்டு வலிக்கும்.

பஞ்சின் தடிமனைவிடப் பட்டையின் அகலம்தான் முக்கியம். மெல்லிய காதுள்ள பிளாஸ்டிக் பையில் சாமான் வாங்கிவந்தால் விரல் சிவந்துபோகிறது, அகலக் காதுள்ள துணிப்பையில் அதே எடை உறுத்துவதில்லை. எடை பரவினால் அழுத்தம் குறையும். பஞ்சு மிகத் தடிமனாக இருந்தால் சின்னக் கைகள் உள்ளே நுழைவதே சிரமம். விரல் மரத்துப்போவது நாள்கணக்கில் நீடித்தால் பட்டையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

நம்பிக்கை 3: தோல் பட்டைதான் உயர்ந்தது.

உண்மை: நல்ல தோல் அழகானது, பழகப் பழகக் கைக்குப் படியும். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பருவநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. வியர்வையும் ஈரமும் ஊறிய தோல் பட்டையைப் பையில் போட்டு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். முட்டம், சங்குத்துறை, தேங்காப்பட்டணம் கடற்கரைகளில் அடிக்கடி எடுப்பவர்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பேறிய தோல் விறைத்து வெடிக்கும்.

கடலோர வேலைக்கு நைலான் பட்டை ஏற்றது. நன்னீரில் அலசினால் உப்பு போய்விடும், சீக்கிரம் காய்ந்தும்விடும். நியோப்ரீன் மெத்தென்று இருக்கும், ஆனால் காற்றுப் புகாததால் உள்ளங்கை வேர்க்கிறவர்களுக்குப் புறங்கையும் நசநசக்கும். கல்யாண மண்டபத்துக்குள் மட்டுமே எடுப்பவர் தோல் வாங்கலாம். அவரும் வேலை முடிந்ததும் அதைத் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

நம்பிக்கை 4: ஒரு கைப்பட்டை எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும்.

உண்மை: கைப்பட்டைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிடிமானம் வேண்டும். மேலே இருப்பது கழுத்துப் பட்டை மாட்டும் வளையம். கீழ்ப்பக்க வளையம் பெரும்பாலான கேமராக்களில் கிடையாது, சில பேட்டரி கிரிப்களில்தான் உண்டு. மற்றவற்றில் டிரைபாட் மாட்டும் கால் அங்குலத் திருகுத் துளையில் ஒரு தகடு பூட்டித்தான் கட்ட வேண்டும். சிறிய கேமராக்களில் அந்தத் தகடு பேட்டரி மூடியை மறைத்துவிடலாம். டிரைபாட் பயன்படுத்துகிறவர்கள், அதிலேயே பொருந்தும் தகடுள்ள பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

கேனான் 1500டி போன்ற கேமரா பேட்டரியோடு 475 கிராம்தான். சின்ன லென்ஸோடு ஊர் சுற்றிப் படமெடுப்பவருக்கு மணிக்கட்டில் மாட்டும் எளிய கயிறே போதும். தேரூர்க் குளத்தில் பறவை எடுப்பவர் நிலை வேறு. 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள 200-600 லென்ஸைப் பூட்டிவிட்டுப் பாடியின் கைப்பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முழு பாரமும் லென்ஸ் பூட்டும் இடத்தில் விழும். லென்ஸின் அடியில் டிரைபாட் மாட்டுவதற்கென்று இருக்கும் காலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

நம்பிக்கை 5: 90 கிலோ தாங்கும் பட்டை வாங்கியாயிற்று, இனிக் கவலை இல்லை.

உண்மை: பீக் டிசைன் போன்ற நிறுவனங்களின் இணைப்புக் கயிறுகள் ஒவ்வொன்றும் 90 கிலோ தாங்கும் என்று விற்கப்படுகின்றன. ஆனால் கேமரா விழுவதற்குப் பட்டை அறுந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. பைக்கில் போகும் அதிர்விலும் கை அசைவிலும் அடித் திருகு மெல்லத் தளர்கிறது. வளையம் உரசி உரசிக் கயிறு தேய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் முன்பு திருகைத் திருப்பிப் பார்ப்பதும், தையலையும் வளையத்தையும் தடவிப் பார்ப்பதும் அட்டையில் அச்சிட்ட எண்ணைவிட அதிகப் பாதுகாப்பு.

நம்பிக்கை 6: கைப்பட்டை இருக்கும்போது கழுத்துப் பட்டை எதற்கு?

உண்மை: கைப்பட்டை காக்கும் காலமெல்லாம் உங்கள் ஒரு கை கேமராவுக்கே அடகு. விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும்போது கம்பியைப் பிடிக்க வேண்டும், குழந்தையைப் பிடிக்க வேண்டும். திற்பரப்பு அருவியின் வழுக்குப் பாறையில் தடுமாறினால் இரண்டு கையும் ஊன்ற வேண்டும். 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தில், கடற்காற்றில் நின்று லென்ஸ் மாற்றவும் இரண்டு கை வேண்டும். கையை வெளியே எடுத்த அந்த நொடியிலிருந்து கைப்பட்டையால் பயனில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துப் பாருங்கள். பறளியாற்றின் மேல் 115 அடி உயரம். அங்கிருந்து கைதவறும் கேமரா உடைவது பெரிதல்ல, கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறது. அங்கே உடலின் குறுக்கே போட்ட பட்டை ஒன்று கட்டாயம். கைப்பட்டையையும் தோள் பட்டையையும் ஒரே கேமராவில் சேர்த்து மாட்டலாம், எளிதில் கழற்றும் இணைப்பிருந்தால் இன்னும் நல்லது.

வாங்கப் போகும்போது உங்கள் கேமராவையும், அதிகம் பயன்படுத்தும் லென்ஸையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மாட்டிப் பார்த்து, பத்து நிமிடம் பிடித்து நின்று, மூன்று சோதனைகளையும் செய்துவிட்டு முடிவெடுங்கள். விரல் தளர்ந்திருக்கும்போதும் கேமரா கையிலேயே இருந்தால் அது நல்ல பட்டை. உயரத்திலும் தண்ணீரிலும் கூட்டத்திலும் அது மட்டும் போதாது, தோளிலும் ஒன்று இருக்கட்டும்.