மருந்தில் இரும்பு: சோதனை ஏன், எவ்வாறு?

இரத்தசோகை உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையை நாங்களே எழுதித் தருகிறோம். அவ்வாறிருக்க, பிற மருந்துகளில் இரும்பு கலந்துள்ளதா என்று ஏன் சோதிக்கிறார்கள் எனச் சிலர் எங்களிடம் வினவுவதுண்டு.

மூலப்பொருள், நீர், தயாரிப்புக் கலன்கள் ஆகியவற்றிலிருந்து மருந்துப் பொருளில் இரும்பு நுண்ணளவில் வந்து சேர்கிறது. அந்த அளவு பெரும்பாலும் உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. மருந்துக்கே தீங்கு செய்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மருந்து வினைபுரிந்து சிதைவதை இரும்பு விரைவுபடுத்தும். அட்ரினலின் ஊசிமருந்து இளஞ்சிவப்பாகிப் பின் பழுப்பாவதும், வைட்டமின் சி கரைசல் மஞ்சளாவதும் ஆக்சிஜனேற்றத்தின் அடையாளங்கள். உயிர்காக்கும் வேளையில் வீரியம் குறைந்த மருந்தால் பயனில்லை.

ஆகவே இந்தியன் பார்மகோபியா எனப்படும் மருந்துத் தரநூல் இரும்புக்கு ஒரு வரம்புச் சோதனையை வகுத்துள்ளது. குறித்த அளவு மருந்துப் பொருளை நீரில் கரைத்து, சிட்ரிக் அமிலமும் தையோகிளைக்காலிக் அமிலமும் சேர்த்து, அம்மோனியாவால் காரமாக்குவர். தையோகிளைக்காலிக் அமிலம் இரும்போடு இணைந்து செவ்வூதா நிறம் தரும். அம்மோனியா சேரும்போது இரும்பு வீழ்படிவாகப் பிரிந்துவிடாமல் சிட்ரிக் அமிலம் காக்கும். 40 மைக்ரோகிராம் இரும்புள்ள மற்றொரு கரைசலையும் இவ்வாறே ஆயத்தம் செய்வர். இரண்டையும் 50 மில்லிலிட்டராக்கி, 5 நிமிடம் கழித்து அருகருகே வைத்து நோக்குவர். மருந்தின் நிறம் மற்றதைவிட அடர்ந்திருந்தால் அது தேறாது.

60 மில்லிகிராம் இரும்பு கொண்ட ஒரு மாத்திரையில் இந்த 40 மைக்ரோகிராமைப் போல் 1500 மடங்கு இரும்பு உள்ளது. சோதனை எத்துணை நுட்பமானது என்பது இதனால் விளங்கும்.

எனினும், இச்சோதனை மருந்து ஆலையை விட்டு வெளிவரும் முன் நடப்பது. அதன்பின் வெப்பம், ஒளி, ஈரம் ஆகியவற்றிலிருந்து மருந்தைக் காப்பது நம் அனைவரின் பொறுப்பு. மாத்திரைகளை அவை வந்த அட்டையிலோ புட்டியிலோ வைத்திருங்கள். அடுப்பருகிலும் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள். சில மாத்திரைகளுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் நிறமூட்ட இரும்பு ஆக்சைடு சேர்க்கப்படுவதுண்டு, அது குறையன்று. வாங்கியபோது இருந்த நிறம் பின்னர் மாறினால்தான் ஐயுற வேண்டும். அப்போது அம்மருந்தை உட்கொள்ளாதீர்கள்; சிகிச்சையையும் நிறுத்திவிடாதீர்கள். மருந்தை அதன் உறையோடு மருந்தகத்துக்கு உடனே எடுத்து வாருங்கள். ஆராய்ந்து, தேவையெனில் மாற்று மருந்து தருவோம்.