கடன் தீரும் வழி: இல்லறத்தார்க்கு ஒரு கணக்குப் பாடம்



இல்லறம் நடத்துவோருக்கு வருவாய் குறைவாக இருப்பது ஒரு துன்பம். குறைந்த வருவாயோடு கடனும் சேர்ந்திருப்பது அதனினும் பெரிய துன்பம். முன்னதைச் சிக்கனத்தால் ஓரளவு தாங்கலாம். பின்னதற்குச் சிக்கனம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். எண்ணெயையும் பாலையும் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தை எந்தக் கடனுக்கு, எந்த முறையில் செலுத்துவது என அறியாமையால், ஆண்டுக்கணக்காக வட்டி கட்டியும் அசலில் ஒரு ரூபாயும் குறையாத குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. அவர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தில் இப்பாடத்தை எழுதுகிறோம். இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கறிவே போதுமானது.

1. கடன்களை எழுதுதல்

முதற்பணி, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுவது. யாரிடம் வாங்கியது, அசல் எவ்வளவு எஞ்சியுள்ளது, வட்டி என்ன, தவணை எந்த நாளில் வருகிறது என நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். கணவர் அறியாமல் மனைவியும், மனைவி அறியாமல் கணவரும் வாங்கிய கைமாற்றுகளும் இத்தாளில் இடம்பெற வேண்டும். மறைத்து வைத்த கடனே மிகுந்த வட்டியைத் தின்னும். ஏனெனில் அதை அடைக்க மறைவாகவே வேறொரு கடன் வாங்க நேரிடும். எழுதுகின்ற நாளில் ஒருவரையொருவர் குறை கூறலாகாது. அன்று நிகழவேண்டியது கணக்கெடுப்பு, விசாரணை அன்று.

2. வட்டியை ஒரே அளவுகோலால் அளத்தல்

முழத்தையும் மீட்டரையும் அப்படியே வைத்து ஒப்பிட முடியாது. வட்டியும் அவ்வாறே. வங்கி ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று சொல்கிறது. ஊரில் கடன் தருவோர் "மூன்று வட்டி" என்கின்றனர். அது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 36 விழுக்காடு. பத்து என்னும் எண்ணைவிட மூன்று சிறிதாகத் தோன்றுவதால், 10 விழுக்காட்டு நகைக்கடனை அஞ்சி, மூன்று வட்டிக் கடனை எளிதாக வாங்கிவிடுகின்றோம்.

தண்டல் கடனில் இம்மயக்கம் இன்னும் மிகுதி. 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவர். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் செலுத்த வேண்டும். நூற்றுக்கு 15 தானே என்று தோன்றும். ஆனால் அப்பணம் முழுதும் 100 நாளும் நம் கையில் இருப்பதில்லை. ஐம்பதாம் நாளிலேயே 5,000 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டோம். இதைக் கருத்திற்கொண்டு கணக்கிட்டால், வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு ஆகிறது.

தவணைக் கடனிலும் இத்தகைய மறைவு உண்டு. 12,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 12 விழுக்காடு எனக் கூறி, மாதம் 1,120 ரூபாய் வீதம் 12 தவணை வாங்கினால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 விழுக்காட்டுக்கும் மேல். அசல் மாதந்தோறும் குறைந்துவர, வட்டியோ முழுத் தொகைக்கும் போடப்பட்டிருப்பதே காரணம். 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன் தரும்போது, எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் விவரத் தாள் ஒன்றைத் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்தது. கையொப்பமிடுவதற்கு முன் அத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்தல் நம் கடமை.

3. ஓர் எடுத்துக்காட்டு

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் சொந்த வீட்டில் வாழும், நால்வர் அடங்கிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் ஊதியம் 16,000 ரூபாய். மனைவி தையல் வேலையில் ஈட்டுவது 6,000 ரூபாய். ஆக 22,000 ரூபாய். அவர்களுடைய கடன்கள் வருமாறு:

(அ) வங்கி நகைக்கடன் 60,000 ரூபாய். ஆண்டு வட்டி 10 விழுக்காடு. மாதத்துக்கு 500 ரூபாய் வட்டி.
(ஆ) மகளிர் சுய உதவிக் குழுக் கடன் 36,000 ரூபாய். ஆண்டு வட்டி 12 விழுக்காடு. மாதத் தவணை 2,000 ரூபாய்.
(இ) புரோநோட்டு எழுதி வாங்கிய கைக்கடன் 40,000 ரூபாய், மூன்று வட்டி. மாதத்துக்கு 1,200 ரூபாய் வட்டி.
(ஈ) குளிர்சாதனப் பெட்டிக்கு மாதம் 1,500 ரூபாய். இன்னும் 8 தவணை.

இவர்கள் இப்போது மாதம் 5,200 ரூபாய் செலுத்தி வருகின்றனர். இவ்வாறே சென்றால், 25 மாதம் கழித்துப் பெட்டிக் கடனும் குழுக் கடனும் தீர்ந்திருக்கும். கைக்கடனுக்கு மட்டும் 30,000 ரூபாய் வட்டி போயிருக்கும். ஆயினும் அதன் அசல் 40,000 ரூபாயும் நகைக்கடன் 60,000 ரூபாயும் அப்படியே நிற்கும்.

இனி அவர்கள் நாளொன்றுக்கு 60 ரூபாய், அதாவது மாதம் 1,800 ரூபாய், கூடுதலாக ஒதுக்குவதாகக் கொள்வோம். மொத்தம் 7,000 ரூபாய். கூடுதல் தொகை முழுவதும் மிகுந்த வட்டியுடைய கைக்கடனுக்கே செல்லவேண்டும். எனவே அதற்கு மாதம் 3,000 ரூபாய். முதல் மாதம் வட்டி 1,200 போக 1,800 ரூபாய் அசலில் கழியும், மீதி 38,200. அடுத்த மாதம் வட்டி 1,146 ஆகக் குறையும். அசலில் 1,854 கழியும். இவ்வாறு ஒவ்வொரு மாதமும் வட்டி தேய, அசல் விரைந்து கரையும்.

1 முதல் 8 மாதம் வரை: பெட்டி 1,500, குழு 2,000, நகைக்கடன் வட்டி 500, கைக்கடன் 3,000. எட்டாம் மாத முடிவில் பெட்டிக் கடன் தீரும். கைக்கடன் ஏறத்தாழ 24,000 ரூபாயாக இறங்கும்.
9 முதல் 14 மாதம் வரை: பெட்டிக்குச் சென்ற 1,500 ரூபாயும் கைக்கடனுக்கே, ஆக அதற்கு 4,500. பதினான்காம் மாதத்தில் கைக்கடன் முற்றிலும் தீரும்.
15 முதல் 20 மாதம் வரை: குழு 2,000, நகைக்கடனுக்கு 5,000. இருபதாம் மாதத்தில் குழுக் கடன் தீரும்.
21 முதல் 25 மாதம் வரை: நகைக்கடனுக்கு 7,000. இருபத்தைந்தாம் மாதத்தில் நகை வீட்டுக்கு வரும்.

ஒரு கடன் தீர்ந்தவுடன் அதற்குரிய தவணைத் தொகையைச் செலவில் கரையவிடாமல் அடுத்த கடனுக்குத் திருப்புவதே இம்முறையின் உயிர்நாடி. பெட்டிக் கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் புதிய தொலைக்காட்சிக்குத் தவணை எழுதினால் பாடம் முழுவதும் வீணாகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கைக்கடன் தருவோருள் சிலர் அசலைச் சிறிது சிறிதாக வாங்க இசையார். முன்னரே பேசி இணங்கச் செய்யவேண்டும். இசையாவிடில் 10,000 ரூபாய் சேரும்வரை வங்கியில் தனிக் கணக்கில் வைத்துச் செலுத்தலாம். செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுக. கடன் தீர்ந்த அன்றே புரோநோட்டைத் திரும்பப் பெறுக. அடுத்து, வீட்டில் இன்னும் நகை எஞ்சியிருப்பின், அதை வங்கியில் வைத்து மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் அடைப்பது இலாபமே. 36 விழுக்காடு 10 விழுக்காடாகும். ஆனால் அப்பணம் வழியில் வேறு செலவுக்குத் திரும்பலாகாது. நகைக்கடன் முதிரும் நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வைப்பதும் இன்றியமையாதது.

4. எஞ்சிய 15,000 ரூபாயில் இல்லறம்

செலவு போக மிஞ்சியதைக் கடனுக்குத் தருவோம் என்றால் எம்மாதமும் மிஞ்சாது. ஊதியம் வந்த அன்றே கடன் தொகையை எடுத்துவைத்து, எஞ்சியதில் இல்லறம் நடத்தவேண்டும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் பங்கீடு வருமாறு: மளிகை 4,500, பால் 1,500, காய்கனி 1,600, எரிவாயு 900, மின்சாரம் 500, பிள்ளைகள் கல்வி 2,000, போக்குவரத்து 1,300, தொலைபேசி 500, மருந்து 700, மொய் முதலியன 700, அவசர நிதி 800. ஆக 15,000 ரூபாய்.

அவசர நிதி எதற்கு, அதையும் கடனுக்கே தரலாமே எனச் சிலர் கேட்பர். ஒரு காய்ச்சல் வந்து கையில் பணமில்லையெனில் தண்டல்காரரிடம் செல்ல நேரும். 800 ரூபாய் நம்மை 120 விழுக்காட்டு வட்டியிலிருந்து காக்கும் வேலி. அதே வேளையில், 36 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு புதிய சீட்டில் சேர்வதும், 7 விழுக்காட்டு வைப்பு நிதி தொடங்குவதும் நட்டமாகும்.

எதைக் குறைக்கலாகாது என்பதையும் அறிதல் வேண்டும். குழந்தைகளின் பாலும் பருப்பும், முதியோரின் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளும், பள்ளிக் கட்டணமும் குறைக்கத்தக்கன அல்ல. மருந்தை நிறுத்தி மிச்சம் பிடித்த பணம், பின்னர் மருத்துவமனையில் பன்மடங்காகச் செலவாகும். குறைக்கத்தக்கன வேறு உள: பயன்படுத்தாத அலைபேசித் திட்டம், கடைத் தின்பண்டம், ஒவ்வொரு விழாவுக்கும் புத்தாடை, கடன் வாங்கி வைக்கும் மொய். நியாயவிலைக் கடை அரிசியும் பருப்பும் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை போன்ற உதவி கிடைக்கும் இல்லங்களில், அத்தொகையை அப்படியே கடனுக்கு ஒதுக்கினால் மேற்சொன்ன 1,800 ரூபாயில் பாதிக்கு மேல் அதுவே தந்துவிடும்.

இல்லறத்தார் தமக்கு வேண்டிய பொருளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் பொருள் வரைதல் என்னும் விரதத்தை நாம் அறிவோம். கடனுள்ள வீட்டில் அது அன்றாடக் கணக்கேட்டிலேயே தொடங்குகிறது.

5. கடன் தந்தவரும் நாமும்

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது நம் அறம். ஒரு மாதம் தவணை தவறும் நிலை ஏற்படின், ஒளியாமல் தவணை நாளுக்கு முன்னரே சென்று நிலைமையைச் சொல்லுதல் நன்று. ஆயினும், கடன்பட்டோம் என்பதற்காக அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் 2003-ஆம் ஆண்டு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் குற்றமாக்கியது. ரிசர்வ் வங்கி 2022-இல் நுண்கடன்களுக்கு வகுத்த நெறிமுறைப்படி, ஆண்டு வருவாய் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருவாயில் பாதிக்கு மேற்படலாகாது. வசூலிப்போர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தல் கூடாது. கடனை வன்முறையால் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு மற்றொரு சட்டமும் இயற்றியது.

2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. தாயும் தந்தையும் இரு பெண் குழந்தைகளும் மாண்டனர். எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. அக்கம்பக்கத்தில் ஒரு குடும்பம் கடனால் ஒடுங்கிப்போவதைக் கண்டால், அறிவுரை கூறுமுன் அவர்கள் அருகில் அமர்ந்து தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட உதவுதல் வேண்டும். காவல் நிலையத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ செல்ல வேண்டியிருப்பின் உடன் செல்லுதல் வேண்டும்.

6. பிள்ளைகளும் கடனும்

வகுப்பறையில் நெடுங்காலம் பணியாற்றிய நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. வீட்டில் கடன் இருப்பதைப் பிள்ளைகள் எப்படியும் அறிந்துகொள்கின்றனர். யாரும் எடுத்துச் சொல்லாதபோது, அது தங்களால் நேர்ந்தது என்று எண்ணிக்கொள்கின்றனர். நோட்டுப் புத்தகம் கேட்கவும் தயங்குகின்றனர். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம், "நமக்குக் கடன் இருக்கிறது, 25 மாதத்தில் தீரும், உன் படிப்புக்கு ஒதுக்கியது தனியே இருக்கிறது" என்று சொல்லலாம். மாதந்தோறும் மீதி அசலைக் கழித்து எழுதும் பணியையும் அப்பிள்ளையிடமே தரலாம். கழித்தல் கணக்குக்கு இதனினும் நல்ல பயிற்சி இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் குடும்பக் கடன்களை நான்கு கட்டங்களில் எழுதி, ஒவ்வொன்றின் ஆண்டு வட்டியையும் காண்க.
2. இரண்டு வட்டிக்கு வாங்கிய 25,000 ரூபாய்க்கு மாத வட்டி எவ்வளவு? வட்டி மட்டும் கட்டிவந்தால் மூன்றாண்டில் செலுத்தியது எவ்வளவு? எஞ்சும் அசல் எவ்வளவு?
3. அதே கடனுக்கு மாதம் 1,500 ரூபாய் செலுத்தினால், முதல் மூன்று மாத முடிவில் மீதி அசல் எவ்வளவு?
4. உங்கள் இல்லத்தில் நாளொன்றுக்கு 60 ரூபாய் எந்தெந்தச் செலவிலிருந்து கிடைக்கும்? குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து விடை எழுதுக.