சம்பளம் எங்கே கசிகிறது?

பெங்களூரில் பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலைப் பகுதிகளில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய உள்ளன. கார்மென்ட்ஸ் என்று சொல்வார்கள். அங்கே தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு பேசுபவர்கள் அருகருகே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

விடியும் முன்பே எழ வேண்டும். சமைக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பிறகு நாள் முழுவதும் தையல் மெஷின். மாதத் தொடக்கத்தில் சம்பளம் வரும். 20-ஆம் தேதிக்குள் பல வீடுகளில் கை காலி.

ஒரு சாயங்காலம். வேலை முடிந்து இரண்டு பெண்கள் நடந்து வருகிறார்கள். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு.

"அக்கா, இந்த மாசமும் பத்தலை. ஐயாயிரம் ரூபாய் வட்டிக்குக் கேட்டிருக்கேன். இனிமே ராத்திரி நான் சாப்பிடாம படுத்துக்கறேன். அதுலயாவது மிச்சமாகட்டும்."

"வேண்டாம்மா. நாள் முழுக்க மெஷின் மிதிக்கிற உடம்பு. சாப்பிடலைன்னா மயக்கம் வரும். லீவு போட்டா சம்பளம் போகும். ஆஸ்பத்திரிச் செலவு வேற வரும். அதுக்குப் பேரு சிக்கனம் இல்லை."

"அப்போ எதுக்கா சிக்கனம்?"

"குடத்துல ஓட்டை விழுந்தா என்ன செய்வே? தண்ணி குடிக்கிறதைக் குறைப்பியா? ஓட்டையை அடைப்பியா?"

வயிற்றைக் குறைக்காதே

அக்கா சொன்னது சரி. வீட்டில் பணம் குறைந்தால் முதலில் தன் சாப்பாட்டைக் குறைப்பவள் தாய். அதன் பலன் என்ன? 2019-21-இல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பது அதில் தெரிந்தது.

எனவே சோறு, பருப்பு, கீரை, முட்டை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. நமக்கு ஒரு பயனும் தராமல் கசிந்து போகும் பணத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்போம்

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். தினமும் இரவில் அன்றைய செலவை எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். பஸ், பால், காய்கறி, டீ, பீடி, செல்போன் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கணவரும் தன் செலவைச் சொல்ல வேண்டும். 30 நாள் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள்.

வெளியில் தினம் இரண்டு டீ. ஒரு டீ 10 ரூபாய். மாதம் 26 நாள் வேலை. 20 x 26 = 520 ரூபாய். டீயே குடிக்கக் கூடாது என்பதில்லை. இரண்டை ஒன்றாக்கினால் 260 ரூபாய் மிச்சம்.

வாரம் 300 ரூபாய் குடிக்குப் போனால் ஆண்டில் 52 வாரம். 300 x 52 = 15,600 ரூபாய். இந்த ஓட்டையை மனைவி மட்டும் அடைக்க முடியாது. கணவரும் சேர்ந்து அடைக்க வேண்டும்.

அடுப்பங்கரையில்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அரிசியைக் கண்ணால் பார்த்துப் போடாமல் டம்ளரால் அளந்து போடுங்கள். எத்தனை டம்ளர் போட்டால் மீதி ஆகாது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

பருப்பு, கொண்டைக்கடலை, பயறு ஆகியவற்றை முன்பே ஊறவையுங்கள். கடலை, பயறு என்றால் முதல் நாள் இரவே ஊறட்டும். சீக்கிரம் வேகும். காலையில் நேரமும் மிச்சம், கேஸும் மிச்சம்.

தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் குறையுங்கள். கொதிக்கும் தண்ணீரின் சூடு தீயைக் கூட்டுவதால் ஏறாது. தண்ணீர் ஆவியாகிப் போகும், அவ்வளவுதான். பாத்திரத்தை மூடி சமையுங்கள். குக்கர் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. 30 நாள் வரும் சிலிண்டரை 36 நாள் வரவைத்தால், ஆண்டுக்கு 12 சிலிண்டருக்குப் பதில் 10 போதும்.

பெரிய ஓட்டை: வட்டி

தங்கை கேட்ட கடன் 5,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாத வட்டி: 250 ரூபாய்.
ஓர் ஆண்டு வட்டி: 3,000 ரூபாய்.

3,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் 5,000 அப்படியே நிற்கும்!

சுய உதவிக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் கிடைத்தால், ஆண்டு வட்டி 600 ரூபாய்தான். 2,400 ரூபாய் மிச்சம். டீயிலும் கேஸிலும் மிச்சம் பிடித்த பணத்தை முதலில் வட்டிக் கடனை அடைக்கக் கொடுங்கள். கடன் அடைந்த பிறகு அதே பணத்தைச் சேமியுங்கள். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம்.

உரிமையை விடுவதும் வீண்தான்

நமக்குச் சேர வேண்டியதை வாங்காமல் விடுவதும் ஓர் ஓட்டைதான்.

ரேஷன்: 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கேயும் வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் இதற்காகத்தான் வந்தது.

பி.எஃப்.: அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். 2016-ஆம் ஆண்டு இந்தப் பணத்தை எடுப்பதற்குப் புதிய கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் மாதம் பெங்களூரின் கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அரசு அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றது. அது தங்கள் உழைப்பின் பணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் பி.எஃப். கணக்குக்கு 12 இலக்க எண் உண்டு. யு.ஏ.என். என்பது அதன் பெயர். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேலை மாறினால் புதிய இடத்திலும் அதே எண்ணைக் கொடுங்கள்.

கணக்குப் போடுவோம்

1. கால் கிலோ சர்க்கரை 15 ரூபாய். ஒரு கிலோ 50 ரூபாய். நான்கு முறை கால் கிலோவாக வாங்கினால் எவ்வளவு கூடுதலாகப் போகும்?

2. சொட்டும் குழாயின் கீழே ஒரு லிட்டர் பாத்திரம் வையுங்கள். அது ஒரு மணி நேரத்தில் நிரம்பினால், ஒரு நாளில் எத்தனை லிட்டர் வீணாகும்?

3. 8,000 ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. ஆறு மாத வட்டி எவ்வளவு?

பேசுவோம்

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்குப் போதுமான சாப்பாடு மீதி இருக்கிறதா?

எழுதுவோம்

இந்த வாரம் உங்கள் வீட்டில் கண்டுபிடித்த ஓர் ஓட்டையையும், அதை எப்படி அடைத்தீர்கள் என்பதையும் ஐந்து வரிகளில் எழுதுங்கள். எழுதியதை மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.