திரையிற் கூடிய மகாநாடு

தரவுத்தளம் என்பது யாது? சிறுமலை வாழைப்பழ வாணிகர் வைத்திருக்கும் பேரேட்டைப்போல, வேண்டிய செய்தியை வேண்டியபோது எடுத்துக்கொள்ளுமாறு கணினியில் ஒழுங்குபெற வைத்த தொகுதியேயாம். அதனை அட்டவணைகளாக அமைத்தற்கு அடிப்படையான கொள்கையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ல் வெளியிட்டார்.

இத்துறையினர் ஆண்டுதோறுங் கூடும் சிக்மாட் மகாநாடு 2020 ஜூன் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள போர்ட்லண்டு நகரில் நடைபெறவிருந்தது. கோவிட் நோய் பரவியமையால் அஃது இணையவழியே நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே டோக்கியோவிற் கூடவிருந்த வி.எல்.டி.பி. மகாநாடும் அவ்வாறே ஆயிற்று.

இவ்விதக் கூட்டங்களிற் கலந்துகொள்வோர் கூறுவன இருதிறப்படும். பிரயாணச் செலவில்லை, பதிவுசெய்த உரையை மீண்டுங் கேட்கலாம், எழுந்து நின்று வினவ நாணுவோரும் எழுத்தால் வினவலாம் என்று மகிழ்வோர் ஒருசாரார். உரை முடிந்தபின் தாழ்வாரத்தில் நின்று அளவளாவ இயலவில்லை, கண் சோர்கின்றது, வீட்டு வேலை இடையே இழுக்கின்றது என்று வருந்துவோர் மற்றொரு சாரார்.

இவ்விரண்டும் மெய்யென்றே நாம் கருதுகின்றோம். ஜூன் மாதத்தில் போர்ட்லண்டிற் காலை ஒன்பது மணியாகும்போது திண்டுக்கல்லில் இரவு மணி ஒன்பதரை. கடல் கடக்கப் பொருளில்லாத நம்மூர் மாணாக்கனும் உறக்கத்தைச் சிறிது விட்டால் அறிஞர் உரையைக் கேட்டல் கூடும். இது சிறு பேறன்று. ஆயினும், உரை வந்து சேருமேயன்றித் தொழிலுக்குத் துணையாகும் நட்பு தானே வந்து சேராது.

ஆதலின், மாணாக்கர்களே! இத்தகைய மகாநாடு நிகழுங்கால் தனித்தனியே அமராது, நால்வர் ஐவர் ஒருங்கிருந்து கேளுங்கள். கேட்டதை உடனே கலந்து ஆராயுங்கள். ஐயத்தை உரையாசிரியருக்கு எழுதி வினவுங்கள். அயலூர்த் தாழ்வாரத்தில் இழந்த பயனிற் பெரும்பகுதியை நம் கலாசாலையிலேயே பெறலாம்.