பரீட்சையும் அளவுகருவியும்

துளையிட்ட இயந்திர உறுப்புகளைச் சோதிப்பதற்குத் தொழிற்சாலைகளில் 'கேஜ்' என்னும் கருவி வழங்குகின்றது. ஓசூர்ச் சிப்காட் வட்டாரத்தில் வேலைக்குச் செல்வோர் இதனை நன்கறிவர். அதன் ஒரு முனை துளையினுட் புகவேண்டும், மறுமுனை புகலாகாது. புகவேண்டிய முனையை ஒருவன் அரத்தால் தேய்த்துச் சிறிதாக்குவானாயின், குறுகிய துளையும் நல்லதென்றே தேறிவிடும். அதனால் துளை பெரிதாயிற்றோ? இல்லை. உரிய தண்டு அதனுள் ஏறாதபொழுது உண்மை வெளிப்படும். பரீட்சையும் இத்தகையதோர் அளவுகருவியே. அதனைப் பொய்ப்பிக்கும் மாணாக்கன் தன் மதிப்பெண்ணை மாற்றுகின்றானேயன்றித் தன் அறிவை மாற்றுகின்றானல்லன்.

2019 ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்றை நோக்குவோம். தேனி அரசு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த மாணவர் ஒருவருக்காக 'நீட்' தேர்வை வேறொருவர் எழுதினார் என்று அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களிற் புகார் எழுந்தது. ஆவணத்திலிருந்த படமும் மாணவர் முகமும் ஒவ்வாமையே ஐயத்திற்குக் காரணமாயிற்று. சி.பி.சி.ஐ.டி. காவலர் மாணவரை மட்டுமன்றி அவர் தந்தையாரையும் கைது செய்தனர். விசாரணை விரியவே, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர்மீதும் இத்தகைய குற்றம் சாட்டப்பட்டது. 2004 வரை நம் கிருஷ்ணகிரியும் அத் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்ததாதலின், இஃது அயலார் செய்தியென்று நாம் ஒதுக்குதற்கில்லை.

இத்தகைய குற்றங்களை ஒடுக்குதற்குப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் 2024 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 3 முதல் 5 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. கூட்டாகச் செய்யும் குற்றத்திற்குத் தண்டனை 10 ஆண்டுவரை உயரும். ஆயினும் அது 'நீட்' போன்ற பொதுத் தேர்வுகளுக்கே உரியது. நண்பனது ஆய்வுக்கூடப் பதிவேட்டைப் பார்த்தெழுதுவதையும், விலைக்கு வாங்கிய புராஜெக்டைத் தனதென்று சமர்ப்பிப்பதையும் அச்சட்டம் தேடி வாராது. அவ்விடத்திற் காவலன் மாணாக்கனது மனச்சான்று ஒன்றே.

அம்மனச்சான்று தளர்வதன் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும். இல்லத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழிற் பயின்று, கல்லூரியில் ஆங்கிலத்திற் பரீட்சை எழுதுவோர் நம் எல்லைப்புறத்திற் பலர். பொருள் விளங்காதபோது மனப்பாடம் செய்கின்றனர். மனப்பாடமும் கைகொடாதபோது துண்டுத்தாளை நாடுகின்றனர். ஆதலின் தீமையின் வேர் பரீட்சை மண்டபத்தில் இல்லை. விளங்காததை விளங்கவில்லையென்று சொல்ல நாணிய வகுப்பறையிலேயே உள்ளது. ஆசிரியர் அவ்வினாவை ஏளனமின்றி ஏற்று, மாணாக்கர் அறிந்த மொழியில் ஒருமுறை விளக்குவாராயின், பத்துக் கண்காணிப்பாளர் செய்யவியலாததைச் செய்தவராவார்.

மாணவ நண்பர்காள்! நாளை உங்களுள் ஒருவர் வண்டியின் தடையைச் சோதித்துக் கையொப்பமிடுவீர். மற்றொருவர் நோயாளிக்கு மருந்தின் அளவைக் குறிப்பீர். உங்கள் கையொப்பத்தை நம்பி முன்பின் அறியாத ஒருவர் சாலையிற் செல்வார். அவர் நம்புவது உங்கள் மதிப்பெண்ணையன்று, உங்கள் அறிவையே. இன்று குறைந்த மதிப்பெண் பெறுதல் இழிவன்று. அது எதனை மீண்டும் கற்கவேண்டுமென்று காட்டும் மெய்யான அளவு. அவ்வளவைத் தேய்க்காதிருப்பீராக.