மலையைக் காத்த தண்ணீர்ப் பங்கு

மலைச் சரிவில் மழை பெய்கிறது. அங்கே மரமும் புல்லும் இருந்தால் நீர் மெதுவாக இறங்கும். மண்ணுக்குள் ஊறும். மரமும் புல்லும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நீர் வேகமாக ஓடும். மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். பயிருக்கு வேண்டிய சத்து மேல்மண்ணில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் சரிவில் கல்தான் மிஞ்சும்.

சுகோமாஜ்ரி என்ற ஊரில் இப்படித்தான் நடந்தது. பிறகு அந்த ஊர் மக்கள் தங்கள் மலையை மீட்டார்கள். எப்படி மீட்டார்கள்? படித்துப் பார்ப்போம்.

ஏரியில் சேர்ந்த மண்

சுகோமாஜ்ரி அரியானா மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். சிவாலிக் மலையடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள பெரிய நகரம் சண்டிகர். அந்த நகரத்தில் 1958-ஆம் ஆண்டு சுக்னா ஏரியை அமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஏரியில் மண் சேர்ந்தது. ஆழம் குறைந்தது. தூர் வாரினார்கள். மீண்டும் மண் சேர்ந்தது.

மண் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார்கள். சுகோமாஜ்ரியின் மொட்டைக் குன்றுகளிலிருந்தும் வந்தது என்று தெரிந்தது. குன்றில் ஆடுகள் மேய்ந்தன. மக்கள் விறகு வெட்டினார்கள். செடி தலைகாட்டியதும் ஆடு கடித்துவிடும். எப்படி மரம் வளரும்?

மக்கள் மேல் குற்றமா? அவர்களுக்கு நிலம் கொஞ்சம். அதுவும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஆட்டை விற்றுத்தான் சாப்பிட வேண்டும். "குன்றில் மேய்க்காதே" என்று சொன்னால் போதுமா? பிழைப்புக்கு வேறு வழி வேண்டாமா?

அணை வந்தது

மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகர் கிளையில் பி.ஆர். மிஸ்ரா என்ற அறிவியலாளர் இருந்தார். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஊர் மக்களோடு பேசினார்கள். 1976-ஆம் ஆண்டு அங்கே சிறிய மண் அணை ஒன்று கட்டப்பட்டது. பிறகு மேலும் சில அணைகள் வந்தன. குன்றில் விழுந்த மழைநீர் அணையில் தேங்கியது. அந்த நீரைக் கோதுமை வயலுக்குப் பாய்ச்சினார்கள். விளைச்சல் கூடியது.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் தண்ணீர் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. "எங்களுக்குப் பயன் இல்லாதபோது நாங்கள் ஏன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்?" இது நியாயமான கேள்விதானே?

எல்லார்க்கும் ஒரே பங்கு

ஊர் கூடிப் பேசியது. ஒரு முடிவுக்கு வந்தது. அணைத் தண்ணீரில் எல்லாக் குடும்பத்துக்கும் சமமான பங்கு உண்டு. நிலம் அதிகம் உள்ளவருக்கும் அதே பங்கு. நிலமே இல்லாதவருக்கும் அதே பங்கு. நிலம் இல்லாதவர் தம் பங்கு நீரைப் பிறருக்கு விற்கலாம். அதற்கு ஈடாக எல்லாரும் குன்றைக் காக்க வேண்டும். ஆடுகளை அங்கே அவிழ்த்துவிடக் கூடாது.

இதைக் கவனிக்க ஊரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். குன்றைச் சுற்றி முள்வேலி போடவில்லை. மக்களின் கட்டுப்பாடே வேலி ஆனது. இதைச் 'சமூக வேலி' என்கிறார்கள்.

குன்றில் புல் வளர்ந்தது. மரங்கள் தழைத்தன. ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின. எருமைக்குப் புல்லை அறுத்து வந்து தொழுவத்தில் போட்டார்கள். பால் விற்றுக் காசு வந்தது. பாபர் என்ற புல்லும் நன்றாக வளர்ந்தது. அதில் கயிறு திரிக்கலாம். காகித ஆலைக்கும் விற்கலாம். குன்றிலிருந்து ஏரிக்குப் போகும் மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

பிறகு என்ன ஆனது?

கதை இத்துடன் முடியவில்லை. ஆண்டுகள் போகப் போகச் சில அணைகளில் மண் சேர்ந்து தூர்ந்தது. புல் வருமானத்தில் அரசுக்கு எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு என்பதில் பிணக்கு வந்தது. சங்கமும் முன்போல் இயங்கவில்லை. ஆகவே, அணை கட்டினால் மட்டும் போதாது. தூர் வார வேண்டும். சங்கம் தவறாமல் கூட வேண்டும். கணக்கை எல்லார் முன்னும் படிக்க வேண்டும். உழைத்தவருக்குப் பங்கு கிடைக்க வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. சரிவில் மேலிருந்து கீழாக உழாதீர்கள். குறுக்கே உழுங்கள்.
2. சரிவுக்குக் குறுக்கே கல்வரப்புக் கட்டுங்கள். வரப்போரம் வெட்டிவேர் நடலாம்.
3. குன்றின் தலையில் மரத்தை வெட்டாதீர்கள்.
4. பொதுச் சொத்தில் ஏழைக்கும் பங்கு இருக்கட்டும். பங்கு இருந்தால்தான் காவலும் இருக்கும்.

விடை சொல்லுங்கள்

1. சுக்னா ஏரியில் மண் சேர்ந்தது ஏன்?
2. நிலம் இல்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு கொடுத்தது ஏன்?
3. 'சமூக வேலி' என்றால் என்ன?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் குன்று, ஏரி, மேய்ச்சல் நிலம் எதுவும் உண்டா? அதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? யாருக்குப் பங்கு இல்லை?