வராக நதியில் வெள்ளம் வருமுன் ஆளும் மாடும் போகும் வழி

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் மேல்மங்கலம், ஜெயமங்கலம், குள்ளப்புரம் ஆகிய ஊர்களின் விவசாயிகள் வராக நதியை நம்பி நெல், வாழை, கரும்பு பயிரிடுகின்றனர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே ஆற்றில் திடீர் வெள்ளம் வருவதுண்டு. தப்பிச் செல்லும் வழியை மழைக்கு முன்பே முடிவு செய்து வைப்பது அவசியம்.

வெள்ளம் வரும் விதம்

சோத்துப்பாறை அணையின் உயரம் 126.28 அடி. அணை நிரம்பியபின் வரும் நீர் மறுகால் பாய்ந்து ஆற்றில் இறங்குகிறது. அப்போது கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடப்படுகிறது. ஆனால் மலையில் பெய்யும் மழை கும்பக்கரை அருவி வழியாகவும் இறங்குகிறது. அந்த நீரைச் சோத்துப்பாறை அணை தடுப்பதில்லை. எனவே அணை நிரம்பவில்லை என்று அலட்சியமாக இருக்கலாகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணிக் கரை ஊர்கள் பல தீவுகளாயின. அத்தகைய மழையில் யோசித்து முடிவெடுக்க நேரம் இராது.

இரு கரைக்கும் இடம்

வீடு ஒரு கரையிலும் வயல் மறு கரையிலும் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். மாட்டை ஓட்டிவர ஆற்றைக் கடக்க முற்படும்போதுதான் உயிர் போகிறது. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே கரைக்கு ஒன்றாக இரண்டு மேட்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கு செல்லும் பாதையில் தரைப்பாலமோ ஓடையோ குறுக்கிடலாகாது. மறு கரையில் தோட்டம் உள்ள உறவினரிடம் மாடு கட்ட இடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

பகலில் ஒருமுறை மாட்டை ஓட்டிச் சென்று ஆகும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். கன்றுடன் செல்லும் பசுவுக்கு ஒரு கிலோ மீட்டர் கடக்க அரை மணி நேரமாவது தேவை. மழை வலுத்தால் இருட்டுமுன்னரே தொழுவத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

தயாராக வைக்க வேண்டியவை

மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ வைக்கோல் வீதம் இரண்டு நாள் தீவனத்தை மேட்டிலேயே போர் போட்டு மூடி வைக்கவும். தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளை மழைக்கு முன் போட்டுக்கொள்ளவும். சிட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பாலிதீன் பையில் கட்டி ஒரே இடத்தில் வைக்கவும்.

நீர் ஏறத் தொடங்கும் முன் பம்பு செட்டின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தண்ணீர் சூழ்ந்தபின் மோட்டார் அறைக்குள் போகவே கூடாது.

மாட்டை ஓட்ட முடியாத நிலை வந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆட்கள் உடனே மேட்டுக்குச் சென்றுவிட வேண்டும். அவிழ்த்த மாடு நீந்திக் கரை சேரக்கூடும். கட்டிய மாட்டுக்கு அந்த வாய்ப்பில்லை. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வெள்ளம் வடிந்தபின் நனைந்து பூஞ்சாணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடக்கூடாது. நனைந்த மோட்டாரை மெக்கானிக் பிரித்து உலர்த்திப் பார்த்த பின்னரே இயக்க வேண்டும்.